தாய்வீட்டு வாசலில் நாற்பது ஆண்டு

வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயில் இருக்கிறது. வ. புதுப்பட்டிக்காரர்களுக்கு அவள் கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷமாக மழை பொய்த்த ஊரிலிருந்து ஏழு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் நல்லதம்பி வீட்டில் இல்லை. அண்ணி மூளியலங்காரி கதவைச் சாத்துகிறாள். கடைசியில் பிள்ளைகளைக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்து சாகிறாள். கொடுமைக்கார அண்ணியின் கதையாகவே இதைக் கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் நல்லதங்காள் அந்நிய ஊருக்குப் போனவள் இல்லை என்பதுதான் இதில் யோசிக்க வேண்டிய விஷயம். அவள் பிறந்த வீடு அது, அவள் பேசும் பேச்சு அது, அவள் கும்பிட்ட சாமி அது. அண்ணனுக்குப் பாசம் இல்லை என்றும் கதை சொல்லவில்லை. பாசம் நிறைய இருந்தது. அவன் வெளியே போயிருந்த ஒரு பொழுதில் அந்தப் பாசத்தை நம்பி ஒரு படி அரிசி கேட்டு வாங்க அவளுக்கு வழி இல்லாமல் போயிற்று. உறவை நம்பி வந்தவர்களுக்கு உறவு எதைத் தரும், எதைத் தராது என்ற கேள்வி இந்த வட்டாரத்துக்குப் பழையது. இலங்கைத் தமிழ் அகதிகள் விஷயத்தில் அதே கேள்வி நாற்பது ஆண்டுகளாக நம் முன்னால் நிற்கிறது.

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் மொட்டமலையில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தில் குல்லூர்சந்தை, செவலூர், கண்டியாபுரம் என்று இன்னும் சில உண்டு. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3,04,269 பேர் என்று 2021இல் மாநில அரசு கணக்குச் சொன்னது. அப்போது 29 மாவட்டங்களில் 108 முகாம்களில் 58,822 பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துகொண்டு 34,087 பேரும் இருந்தார்கள். இவர்களுக்கு மொழி கற்றுக்கொள்ளும் தொல்லை இல்லை. பொங்கலும் மாரியம்மனும் இங்கே வந்து அறிமுகமானவை அல்ல. பார்க்கிற சினிமா வரை எல்லாம் ஒன்று. உலகத்தில் அகதிகளாகப் போனவர்களில் இவ்வளவு பழக்கமான மண்ணில் இறங்கியவர்கள் குறைவு. அதனால் இவர்கள் இங்கே எளிதாகக் கலந்திருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு. கலந்திருக்கிறார்களா என்றால், பேச்சில் ஆம், பத்திரத்தில் இல்லை. இந்தப் பழக்கமே, 'நம்மவர்தானே' என்ற இந்த உரிமையுணர்வே, அவர்களுக்குச் சட்டப்படி ஒரு இடம் கேட்க வேண்டும் என்ற எண்ணத்தை நம்மிடம் வளரவிடாமல் தடுத்தது என்பது என் வாதம்.

மொட்டமலை முகாமிலிருந்து கொஞ்சத் தூரத்தில் இருக்கும் ராஜபாளையத்தையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள ராஜு சமூகத்தார் விஜயநகர, நாயக்கர் காலத்தில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் குலவரலாறு. இன்றும் வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். கரிசல் காட்டில் பரவிக் கிடக்கும் கம்மவார், ரெட்டியார் ஊர்களுக்கும் இப்படி ஓர் இடப்பெயர்ச்சிக் கதை இருக்கிறது. பெண் கேட்டு வந்த அரசனுக்குப் பயந்து இரவோடு இரவாக ஓடிவந்தது, காட்டைத் திருத்தி நிலமாக்கியது என்று போகும் அந்த வாய்மொழி வரலாற்றைத்தான் கி. ராஜநாராயணன் 1976இல் 'கோபல்ல கிராமம்' என்ற நாவலாக்கினார். வந்தவர்கள் பேசியது வேறு மொழி. வந்த இடத்தில் அவர்களுக்குப் பழக்கமாக இருந்தது பெருமாள் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளலாம். கிருஷ்ணதேவராயர் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வாரையும் ஆண்டாளையும் வைத்துத் தெலுங்கில் 'ஆமுக்தமால்யதா' எழுதிய காலம் அது. ஆனாலும் அவர்கள் வேர் பிடித்தார்கள். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கினார். 1949இல் ராஜபாளையத்துக்காரரான பூ.ச. குமாரசாமி ராஜா சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார், குடியரசு வந்ததும் அதே பொறுப்பில் முதலமைச்சராக 1952 வரை இருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர் எப்படி நம்மை ஆளலாம் என்ற கேள்வி இந்த ஊரில் எடுபட்டதில்லை. நிலமும் தண்ணீரும் தொழிலும் கையில் இருந்தவர்களிடம் மொழியை யாரும் சான்றிதழாகக் கேட்கவில்லை.

இதற்கு எதிர்வாதம் கையோடு வரும். நாயக்கர் படையோடும் பாளையப்பட்டு அதிகாரத்தோடும் வந்தவர்களை, கைக்குழந்தையோடு படகில் வந்து தனுஷ்கோடி மணலில் இறங்கியவர்களோடு ஒப்பிடலாமா? அந்தக் காலத்தில் பாஸ்போர்ட் ஏது, எல்லை ஏது, தரிசு நிலத்துக்குத்தான் பஞ்சமா? நியாயமான வாதம். ஆனால் இது என் பக்கத்தைத்தான் பலப்படுத்துகிறது. ஓர் ஊரில் ஒட்டுவதற்கு நிலமும் அதிகாரமும் வேண்டும், மொழி இரண்டாம்பட்சம் என்பதுதானே இதன் பொருள்? நவீன காலத்து உதாரணமே வேண்டுமானால் கர்நாடகத்துப் பைலகுப்பே இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் மைசூர் அரசு அங்கே திபெத்தியர்களுக்குச் சுமார் 3,000 ஏக்கர் நிலம் கொடுத்தது. கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாமல், அந்த வெயிலைப் பார்த்தே இராமல் வந்தவர்கள். மக்காச்சோளம் போட்டார்கள், மடம் கட்டினார்கள், ஒரு ஊரையே உண்டாக்கினார்கள். நம் முகாம்காரர் ஒருவர் முப்பது வருஷம் பெயின்ட் அடித்துச் சேர்த்த பணத்தில் இரண்டு சென்ட் மனை வாங்கிப் பதிய நினைத்தால், இலங்கைக் குடிமக்கள் இந்தியாவில் அசையாச் சொத்து வாங்க ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி குறுக்கே நிற்கும். தமிழில் கையெழுத்துப் போடத் தெரிந்ததால் அந்த விதி தளராது.

தமிழ், குடியுரிமை இரண்டும் கையில் இருந்த ஒரு கூட்டமும் உண்டு. அவர்களைப் பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். தாது வருஷப் பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் ராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரை, திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள்கட்டிக்கொண்டு போய் இலங்கையின் கண்டித் தோட்டங்களில் விட்டார்கள். முதலில் காப்பி, பிறகு தேயிலை. கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய 'துண்டு' தீராமல் ஆள் வேறு தோட்டத்துக்கு நகர முடியாது. 1921இல்தான் அந்த முறை ஒழிந்தது. நான்கைந்து தலைமுறை தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களை இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாமில் பதிந்துகொண்டவர்களுக்கு அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. தாயகத்தில் அவர்களுக்காகக் காத்திருந்த சொந்தமோ காணியோ பெரும்பாலும் இல்லை. தாத்தா விட்டுப்போன ஊரில் பேரனை யாருக்குத் தெரியும்? தேயிலை தெரிந்தவர்களுக்கு நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உண்டாயின, சிலருக்கு நூற்பாலைகளில் வேலை, சிலருக்குத் தொழில்கடன். தாயகம் திரும்பியோருக்காக 1969இல் ரெப்கோ வங்கி வந்தது. கடன் கிடைத்தவர்களில் எத்தனையோ பேர் தரகர்களிடம் அதை இழந்தார்கள். 1980களில் கொடைக்கானல் காடுகளில் தாயகம் திரும்பிய குடும்பங்கள் கொத்தடிமைகளாகக் கண்டெடுக்கப்பட்டன. இலங்கையில் 'இந்தியாக்காரன்' என்று ஒதுக்கப்பட்டவர்களை இங்கே 'சிலோன்காரன்' என்றார்கள். ஆனால் இவர்கள் கையில் இந்தியக் குடியுரிமை இருந்தது. அதைக் கொண்டு வழக்குப் போட முடிந்தது, தொழிற்சங்கம் வைக்க முடிந்தது, கூடலூரிலும் கோத்தகிரியிலும் ஓட்டுக் கேட்டு வருகிறவனை நிற்கவைத்துப் பேச முடிந்தது. அவர்கள் பிள்ளைகள் அரசு வேலைக்குப் போனார்கள். வறுமை தீர்ந்துவிடவில்லை. ஆனால் யாரும் அவர்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

1983க்குப் பிறகு வந்தவர்களுக்கு இந்தக் குடியுரிமை கிடைக்கவில்லை. கிடைத்தது பாசம்தான், அதுவும் ஆரம்பத்தில் அள்ளி அள்ளிக் கிடைத்தது. கட்சி வித்தியாசம் பார்க்காமல் ஊர் ஊராக ஊர்வலம், கடையடைப்பு, நிதி. பள்ளிக்கூடங்கள் திறந்துவிடப்பட்டன, கல்லூரியில் இடம் ஒதுக்கப்பட்டது. அந்தப் பாசம் பொய் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் எல்லாம் சில மாதங்களில் மாறியது. முகாம் பிள்ளைகளுக்குக் கல்விக் கதவு சாத்தப்பட்டது. தொண்டு நிறுவனங்களை உள்ளே விடவில்லை. காவல்துறை உளவு அமைப்பான க்யூ பிரிவின் கண் எல்லா முகாமிலும் விழுந்தது. 1992 முதல் 1995 வரை சுமார் 54,000 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். விரும்பித்தான் போகிறார்களா என்ற சந்தேகம் எழுந்ததால்தான் ஐ.நா. அகதிகள் ஆணையம் 1992இல் சென்னையில் அலுவலகம் திறந்து ஒவ்வொருவரிடமும் கேட்க ஆரம்பித்தது. 1990இல் இருந்த தமிழ்தான் 1992இலும் இருந்தது. மாரியம்மனும் மாறவில்லை. மாறியது அரசியல் காற்று. இந்தியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை; அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இயற்றவில்லை. வந்தவர்கள் நின்றது முழுக்க அனுதாபத்தின் மேல். அனுதாபம் விலகியபோது காலுக்குக் கீழே வேறு எதுவும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

இன்னொரு எதிர்வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. இந்த மக்கள் திரும்பிப் போக விரும்பியவர்கள். இங்கே குடியுரிமை கொடுத்தால் அங்கே உள்ள காணியையும் உரிமையையும் விட்டுக்கொடுத்தது போலாகும். ஈழத் தமிழரின் எண்ணிக்கையை நாமே குறைத்ததாகும் என்பார்கள். 1984இல் எஸ்.சி. சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் உட்படப் பல அமைப்புகள் திரும்பிப் போவதற்கான ஆயத்தமாகவே முகாம் வாழ்க்கையைப் பார்த்தன. பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் பிறப்புச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்ததும் அந்த எண்ணத்தில்தான். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் திருகோணமலையிலும் வீடு வாசல் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். போக விரும்புகிறவர் போவதற்கு எல்லா உதவியும் செய்ய வேண்டும் என்பதில் இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் முகாமில் இருப்பவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் மலையகத் தமிழர்கள், அதாவது அந்தத் தோட்டத் தொழிலாளர் வழிவந்தவர்கள், என்று மதிப்பிடுகிறார்கள். 1977, 1981 கலவரங்களில் தோட்டத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் ஒதுங்கி, அங்கேயும் போர் துரத்தியதால் படகேறியவர்கள். இவர்கள் திரும்பிப் போய் மீட்க வேண்டிய காணி அங்கே எதுவும் இல்லை. இவர்களுடைய முன்னோர்கள் போனதே ராமநாதபுரத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டம், பிறகு 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம், அதற்கப்புறம்தான் விருதுநகர். ஆகவே மொட்டமலை போன்ற ஒரு முகாமில் இருக்கும் மலையகக் குடும்பத்துக்கு இது புகுந்த மண்ணா, பிறந்த மண்ணா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். வேடிக்கை என்னவென்றால், இலங்கை 2003இல் சட்டம் போட்டு மிச்சமிருந்த மலையகத் தமிழருக்குக் குடியுரிமை கொடுத்தது, 2009இல் அதைத் திருத்தி இந்திய முகாம்களில் இருந்தவர்களுக்கும் நீட்டியது. இவர்களை 1948இல் நாடற்றவர்களாக்கிய நாடு தன் தவறைத் திருத்திக்கொண்டது. தாயகம் என்று சொல்லிக்கொள்ளும் நாடு இன்னும் வாய் திறக்கவில்லை.

முகாம் வாழ்க்கையை ஒன்றுமில்லாத வாழ்க்கை என்று சித்திரிப்பதும் தப்பு. மாதப் பணக்கொடை குடும்பத் தலைவருக்கு 1,500, மற்றப் பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 ரூபாய் என்று 2021இல் உயர்ந்தது. ரேஷன் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்து, பத்தடிக்குப் பத்தடி அறைகள் இருந்த இடத்தில் 7,469 புது வீடுகள் கட்ட ஏற்பாடு செய்தார். 'அகதிகள் முகாம்' என்ற பலகை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனது. பிள்ளைகள் பேச்சில் யாழ்ப்பாணமோ கண்டியோ இல்லை, சுத்தமான விருதுநகர் மாவட்டம். நூற்பாலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள், உள்ளூரில் பெண் எடுக்கிறார்கள், கொடுக்கிறார்கள். இதையெல்லாம் பார்த்துத்தான் 'அவர்களுக்கு இங்கே என்ன குறை, அவர்களே இது எங்கள் ஊர் என்கிறார்களே' என்று கேட்கிறார்கள். அந்த உணர்வு உண்மைதான். ஆனால் அந்தக் கல்யாணத்தையே எடுத்துப் பாருங்கள். ராஜபாளையத்துப் பெண் ஒருத்தி, ஓட்டர் அட்டை உள்ளவள், முகாம் பையனைக் கட்டிக்கொள்கிறாள். அவன் சின்ன வயதில் விசா இல்லாமல் படகில் வந்தவன். அவர்களுக்கு 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்த பிள்ளை ராஜபாளையம் அரசு மருத்துவமனையில் பிறந்திருந்தாலும், தகப்பன் சட்டத்தின் பார்வையில் 'சட்டவிரோதக் குடியேறி' என்பதால், பிறப்பால் இந்தியக் குடிமகன் ஆகாது. தாய் தமிழச்சி, தகப்பன் தமிழன், பிறந்தது தமிழ்நாட்டில். இந்த மூன்றும் சேர்ந்தும் அந்தப் பிள்ளைக்கு ஒரு பாஸ்போர்ட் வாங்கித்தர முடியவில்லை. டொரொண்டோவுக்கோ ஒஸ்லோவுக்கோ போன அதே குடும்பத்துச் சித்தப்பா, பனியையும் புரியாத மொழியையும் சகித்துக்கொண்டு, சில ஆண்டுகளில் அந்த நாட்டுக் குடிமகனாகி ஓட்டுப் போட்டுவிட்டார். அவருக்கு அங்கே ஊர் ஞாபகம் வாட்டலாம். அவருடைய பிள்ளையின் குடியுரிமையை யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஆக, பழக்கமான பண்பாடு வந்தவர்களுக்கு எதையும் தரவில்லை என்பது என் கட்சி அல்ல. அது வாசலைத் திறந்தது, முதல் வாரத்தில் சோறு போட்டது, வாடகைக்கு வீடு கிடைக்க உதவியது, தனிமையைக் குறைத்தது. 2022இல் இலங்கையில் பொருளாதார நெருக்கடி வந்தபோதும் படகுகள் தனுஷ்கோடியைத்தான் தேடி வந்தன. ஆனால் கூடவே ஒரு கெடுதலும் செய்தது. 'தொப்புள்கொடி உறவு' என்று மேடையில் சொன்ன பிறகு, உறவுக்காரனுக்கு எதற்குச் சட்டம் என்ற அசட்டை வந்துவிட்டது. திபெத்தியரை அந்நியர் என்று தெரிந்துதான் வரவேற்றோம், அதனாலேயே நிலத்துக்கும் பள்ளிக்கும் நிர்வாகத்துக்கும் முதலிலேயே திட்டம் போட வேண்டியிருந்தது. நம்மவர்களுக்குத் திட்டம் போடவில்லை, தற்காலிகமாகக் கொட்டகை போட்டோம். அந்தத் தற்காலிகம் நாற்பது ஆண்டு நீண்டது. தமிழ்நாட்டுக் கட்சிகள் இவர்களுக்காகப் பேசிய பேச்சில் பெரும்பகுதி இலங்கையில் என்ன நடக்க வேண்டும் என்பதைப் பற்றியது. மொட்டமலையில் இருப்பவருக்கு இந்தியாவில் என்ன கிடைக்க வேண்டும் என்பதைப் பற்றிய பேச்சு வெகுகாலம் கழித்துத்தான் தொடங்கியது. 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சொல்லி இலங்கையை விட்டபோது இங்கே எழுந்த கோபத்தில், இத்தனை ஆண்டு நாமே கேட்கத் தவறியதற்கான பங்கும் இருக்கிறது.

வழி அடைபட்டுப் போகவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் யாராக இருந்தாலும் பிறப்பால் குடிமகன் என்று சட்டமே சொல்கிறது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவருக்குப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. 2019 ஜூனில் அதே கிளை, முகாமிலுள்ள இந்திய வம்சாவளியினர் குடியுரிமை கேட்டால் மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்றது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை வெளியிட்டு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழரை, விசாவும் பாஸ்போர்ட்டும் இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியது. நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஆணை தண்டனையை நீக்குகிறதே தவிர, குடியுரிமை தரவில்லை. அடுத்த தேர்தலில் ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், முகாமில் பிறந்த பிள்ளைகளுக்கும் மலையகத்திலிருந்து வந்தவர்களுக்கும் எப்போது குடியுரிமை என்று ராஜபாளையத்துக்காரரும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரும் வ. புதுப்பட்டிக்காரரும் கேட்க வேண்டும். மொட்டமலையில் இருப்பவர்கள் கேட்க முடியாது. அவர்களுக்கு ஓட்டு இல்லை.